டிரைவிங் அக்காவும் ஷெட்டில் கிடந்த வண்டியும்

டிரைவிங் அக்கா பஸ்ஸில் ஏறினால் முன்வரிசையில் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் இறங்குவதற்குள் கால் மரத்துப் போய்விடும். எதிரே யாராவது சைக்கிளில் குறுக்கே வந்தால் போதும், டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்கு முன்னாலேயே அவள் கால் பஸ்ஸின் தரையை மிதித்துவிடும். அடுத்தவர் ஓட்டும் வண்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்தியே பழகிப்போன கால். ஒருமுறை சினிமாக் கொட்டகையில், திரையில் ஒரு லாரி வேகமாக வர, அக்கா மிதித்த மிதியில் முன்சீட்டில் இருந்தவர் திரும்பி, "என்னம்மா, முதுகுல உதைக்கிறீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். கூட வந்திருந்த அண்ணிதான், "கோவிச்சுக்காதீங்க, அவ இன்னும் டியூட்டியிலயே இருக்கா" என்று சமாதானம் சொன்னாள்.

டிரைவிங் ஸ்கூல் முதலில் அக்காவுடைய அண்ணனுடையது. ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு வண்டி, வீட்டு வாசலில் ஒரு பலகை, முன்னறையில் ஒரு டெலிபோன். வண்டியின் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக்கும் இன்னொரு கிளட்சும் வைத்து, அவற்றை டிரைவர் பக்கத்துப் பெடல்களோடு இரும்புக் கம்பியால் இணைத்துத் தந்தது ஒரு வெல்டிங் கடைக்காரர். அண்ணன் உரக்கப் பேசத் தெரியாதவர். "கிளட்ச மெதுவா விடு. சத்தம் மாறும். மாறுனதும் ஆக்சிலேட்டர் குடு." இதை நாளெல்லாம், தூங்கும் குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்.

அக்கா அப்போது வேறு ஊரில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். விடுதியில் தங்கியிருந்தாள். கல்யாணப் பேச்சு வந்ததும் உண்டு, பேச்சோடு போனதும் உண்டு. லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் அவளை வண்டியில் ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்ட மூன்றாவது லீவில் அவள் அண்ணனையே மிஞ்சி ஓட்டினாள்.

அந்த அண்ணன் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தி மூன்று வயசு. பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். சாவுக்கு வந்த அக்கா, காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பப் பெட்டியை எடுத்து வைத்த காலை, வாசலில் மூன்று பேர் தயங்கித் தயங்கி நின்றார்கள். ஒரு நர்ஸ், ஒரு துணிக்கடைக்காரர், கல்லூரிப் பையன் ஒருவன்.

"துக்க வீட்ல வந்து கேக்கறதுக்கு சங்கடமாத்தான் இருக்கு" என்றார் துணிக்கடைக்காரர். "ஆனா நாங்க பாதியில நிக்கிறோம். எனக்கு முன்னாடி போகத் தெரியும். பின்னாடி வரத் தெரியாது."

அந்த நிலையிலும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அழுதாள். அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். அந்த மூவரை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாள். மூவர் முடிவதற்குள் நர்ஸ் தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். பெண் கற்றுத் தருகிறாள் என்று தெரிந்ததும் அதுவரை வீட்டில் கேட்கத் தயங்கிய பெண்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். நூற்பாலை வேலைக்கு ராஜினாமா போனது. அவளைவிட வயசில் பெரியவர்களும் அவளை அக்கா என்றார்கள்.

அண்ணி டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் எப்போது வர வேண்டும், யாருக்கு இன்னும் ரிவர்ஸ் வரவில்லை, யாருடைய மாமியாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஆனால் வண்டிப் பக்கம் மட்டும் வர மாட்டாள். எங்கே போனாலும் நடந்துதான் போவாள். தவிர்க்க முடியாமல் ஏறினால் பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். "எனக்குத் தலை சுத்தும்" என்பாள். சிலருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாதுதான். அக்கா அதை அதோடு விட்டுவிட்டாள்.

அப்படியே காலம் ஓடியது. பையன் படித்து, வேலைக்குப் போய், தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் குடும்பமானான். ஊரில் ஏசி வண்டிகளோடு புதிய ஸ்கூல்கள் வந்தன. அக்காவின் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பழைய வண்டியில் கற்றுத் தரக் கூடாது என்று சட்டமும் வந்தது. கடைசி மாணவி லைசென்ஸ் வாங்கிவந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போன அன்று, அக்கா வண்டியை ஷெட்டுக்குள் விட்டு உறை போட்டாள். அடுத்த வாரம் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் என்னவோ. பத்து வருஷம் போய்விட்டது.

ஒரு நாள் அண்ணியின் மகன் போனில் பேசினான். ஷெட்டை இடித்துவிட்டு அங்கே ஓர் அறை கட்டலாம், யாராவது குடிவந்தால் இருவருக்கும் துணையாக இருக்கும், வண்டியை எடுத்துப்போக இரும்புக் கடைக்காரரிடம் பேசிவிட்டேன், நான் வரும் ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்து கட்டி இழுத்துப் போய்விடுவார் என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அண்ணியும் சரி என்றாள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. துணி மடித்தாள், பாத்திரம் கழுவினாள், டிவி பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அண்ணியால் பொறுக்க முடியவில்லை.

"இந்தா, உம்முனு இருந்து உயிர எடுக்காத. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. வாயத் தொறந்து திட்டவாவது செய்."

"திட்ட என்ன இருக்கு அண்ணி? அவன் சொல்றது சரிதான்."

"அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

அக்கா கையிலிருந்த டீ டம்ளரை வைத்தாள். "கட்டி இழுத்துட்டு போவாங்களாம். செத்த மாட்ட இழுக்கற மாதிரி. எத்தனை பேருக்கு ஓட்டக் கத்துக் குடுத்த வண்டி அது. போறதுன்னா போகட்டும். ஆனா தானா ஓடிப் போகட்டும். நான் ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு வரேன்."

அண்ணி அந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். "அப்போ உக்காந்துகிட்டு என்ன பண்ற? மெக்கானிக்கக் கூப்பிடு."

மெக்கானிக்கின் பட்டறை தெருக்கோடியில் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவன். எஞ்சினை அக்கக்காகக் கழற்றி மாட்டுவான். ஆனால் இளவயசில் தெருமுனை திருப்பத்தில் வண்டியை வளைக்கத் தெரியாமல் திணறியவன். அக்காவிடம்தான் கற்றுக்கொண்டான். இன்றைக்கும் அவள் முன்னால் வண்டியை நிறுத்தும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை கண்ணாடியைப் பார்த்துக்கொள்வான்.

ஷெட் கதவைத் திறந்ததும் அவன் முதலில் பார்த்தது வண்டியை இல்லை. கால் உடைந்த கட்டில், பெயிண்ட் டப்பாக்கள், சுருட்டிய மெத்தை, ஓட்டை பக்கெட். அவற்றையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, உறையை உருவியபோது மூன்று பேரும் தும்மினார்கள். நான்கு டயரும் சப்பையாகி, வண்டி தரையோடு தரையாகக் குந்தியிருந்தது. வெள்ளைப் பெயிண்ட் மோர் நிறத்துக்கு வந்திருந்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்' மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, மனசு விட்டுச் சொல்லணும்னா..." என்று இழுத்தான் மெக்கானிக்.

"உன் மனசெல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா. பானட்டத் தொற."

பானட்டுக்குள் எலிகள் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தன. ஒயர்களில் பாதியைக் காணோம். காற்று வடிகட்டியின் டப்பாவைத் திறந்தால் உள்ளே மெத்தென்று ஒரு கூடு. சீட்டுப் பஞ்சு, செய்தித்தாள் துணுக்கு, அவற்றுக்கு நடுவே மஞ்சள் நூல் நூலாக ஏதோ. அண்ணி குனிந்து பார்த்து, அதை விரலால் இழுத்தாள்.

"ஐயோ, இது என் மஞ்சத் துண்டு! கொடியில காயப்போட்டது காணோம்னு தேடாத இடமில்ல. பக்கத்து வீட்டுக்காரி மேல சந்தேகப்பட்டு ஒரு வருஷம் அவகூட முகம் குடுத்துப் பேசலையே நான்!"

"இப்போ போய் மன்னிப்புக் கேளுங்க" என்றாள் அக்கா.

"அவ வீட்ட வித்துட்டுப் போயி எத்தனையோ வருஷமாச்சு. போனவள எங்க தேடறது? எலியத்தான் கேக்கணும்."

மெக்கானிக் தினமும் பட்டறையை மூடிவிட்டு, வெளிச்சம் இருக்கும்வரை வந்து வேலை செய்தான். பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டான். எஞ்சின் இறுகிப்போயிருந்தால் அத்தோடு கதை முடிந்தது என்றான். மறுநாள் பெரிய ஸ்பானரைப் போட்டு அவன் கையால் சுற்றிப் பார்க்கும்போது, அக்கா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அசையவில்லை. முக்கினான். பிறகு உள்ளே எங்கோ களக்கென்று ஒரு சத்தம், ஸ்பானர் அரைவட்டம் போய்விட்டது. "சுத்துதுக்கா!" என்றான். தனக்கே நம்பிக்கை இல்லாமல் இருந்திருக்கிறான் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

டேங்கிலிருந்து வடித்த பெட்ரோல் டீ டிக்காஷன் நிறத்தில், வார்னிஷ் வாடையோடு வந்தது. கார்புரேட்டரைப் பிரித்து, தாம்பாளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார்கள். அண்ணி தன் பழைய பல்துலக்கியைக் கொடுத்தாள். பிரேக் எண்ணெய் வற்றி, சக்கரங்கள் பிடித்த பிடியில் நின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டி விடுவித்து, வேறு டயர் போட்டான்.

அவன் அடியில் படுத்து வேலை செய்யும்போது அக்கா உள்ளே உட்கார்ந்து சுத்தம் செய்வாள். சீட்டுக்கு அடியில் கைவிட்டால் ஏதாவது வரும். ஒரு தலைமுடி கிளிப். ஒற்றைப் பொத்தான். பெப்பர்மின்ட் காகிதங்கள் மட்டும் கைநிறைய வந்தன. கை நடுங்கும் மாணவர்களுக்கு அக்கா பெப்பர்மின்ட் கொடுப்பாள். "வாயில போட்டுக்கோ. வாய்க்கு வேலை இருந்தா பயம் குறையும்" என்பாள். வங்கியின் மேலாளர் ஒருவர் வருவார். ஆபீசில் அவர் தும்மினால் நாற்காலிகள் நகரும் என்பார்கள். கியரைத் தொட்டால் கன்றுக்குட்டி மாதிரி நடுங்குவார். ஒரு பாடத்துக்கு நான்கு பெப்பர்மின்ட் ஆகும் அவருக்கு. இரவுப்பணி முடிந்து நேராக வரும் அந்த நர்ஸ், சிக்னலில் வண்டி நின்றதும் ஸ்டீயரிங்கில் தலைவைத்துத் தூங்கிவிடுவாள். பச்சை விழுந்தாலும் எழுப்ப அக்காவுக்கு மனசு வராது. பின்னால் ஹாரன் அடிப்பவர்களிடம் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிடுவாள்.

ஒரு புதுப்பெண் வந்தாள். அவள் புருஷன் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இப்படித் திருப்பு, அப்படித் திருப்பாதே" என்று அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். பாதி வழியில் அக்கா பிரேக்கை மிதித்து, "தம்பி, கொஞ்சம் இறங்குங்க" என்றாள். டயரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் இறங்கினான். "நீ எடும்மா" என்றாள் அக்கா. அவன் நடந்தே வீடு வந்து சேர்ந்தான். அந்தப் பெண் இப்போது எங்கேயோ பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாளாம்.

"தனியா சிரிக்கிறீங்களே அக்கா" என்றான் கீழேயிருந்து மெக்கானிக்.

"உன்னை நினைச்சுதான். முதல் நாள் நீ செருப்பக் கழட்டி வெளிய விட்டுட்டு வண்டியில ஏறுனியே, வீட்டுக்குள்ள நுழையற மாதிரி. திரும்பி வந்து பார்த்தா செருப்பக் காணோம்."

"அத ஏன்க்கா இப்போ ஞாபகப்படுத்தறீங்க? புதுச் செருப்பு அது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பிப் பார்த்துவிடலாம் என்றான். புது பேட்டரி வந்திருந்தது. டேங்க் இன்னும் சுத்தமாகாததால், ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை நிரப்பி, பானட் மூடியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, குழாயை நேராக கார்புரேட்டருக்குக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக் கிழவரும் பால்காரரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

சாவியைத் திருப்பினான். செல்ஃப் மோட்டார் சுற்றியது. டமார் என்று ஒரு வெடி. கிழவர் இரண்டடி பின்னால் போனார். மறுபடி திருப்பினான், மறுபடி வெடி. மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பிளக் ஒயர்களைப் பார்த்தான், நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டை மாற்றிச் சொருகியிருந்தான். "எலி ஒழுங்கா அடையாளம் வெச்சுட்டுப் போயிருந்தா இப்படி ஆகுமா" என்று முணுமுணுத்தபடி மாற்றினான்.

மூன்றாவது முறை இருமியது. நான்காவது முறை இருமல் நிற்கவில்லை. நீண்டு, தடுமாறி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, எஞ்சின் ஓட ஆரம்பித்தது. புகைக்குழாயிலிருந்து நீலப்புகை ஷெட்டை நிறைத்தது. பால்காரர் கைதட்டினார். அக்கா கை தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தத்தை அவள் கேட்டுப் பத்து வருஷம். அதில் ஒரு சின்ன டக்டக் உண்டு. அண்ணன் காலத்திலிருந்தே உண்டு. எந்த மெக்கானிக்காலும் போக்க முடியாத டக்டக். அது அப்படியே இருந்தது.

"ஏறுங்க அக்கா" என்றான் மெக்கானிக், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டு இறங்கி நின்று.

அக்கா வண்டியைச் சுற்றிப் போய், மறுபக்கத்துக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, காலை இரண்டாவது பிரேக்கின் மேல் வைத்தாள். வண்டி அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டும் இருக்கையில் யாரும் இல்லை.

"யாருக்குடி காத்துட்டிருக்க?" என்றாள் அண்ணி.

தெருவே சிரித்தது. அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து எங்கே கண்ணீர் தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று வண்டியை நகர்த்த முடியவில்லை. பத்து வருஷம் நின்றதில் கிளட்ச் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தாலும் விடவில்லை. மறுநாள் மெக்கானிக் கியரில் போட்டபடியே செல்ஃப் அடித்து, வண்டியை முன்னும் பின்னும் குலுக்கி, ஒரு வழியாக அதைப் பிரித்தெடுத்தான். டேங்கையும் கழுவி மாட்டினான். ஹேண்ட் பிரேக் ஒயர் மட்டும் கடையில் கிடைக்கவில்லை. "சமதரையில ஓட்டிப் பாருங்க, ஏத்தத்துக்குப் போகாதீங்க" என்று சொன்னான். அக்கா தலையை ஆட்டினாள்.

ஞாயிறு விடிந்தது. மகன் மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான், இரும்புக் கடைக்காரரும் வருவார். அதற்கு முன் கடைசியாக ஒரு சுற்றுப் போய்வர, காலையிலேயே அக்கா வண்டியை எடுத்தாள். அண்ணியும் ஏறினாள். பின்சீட்டுப் பஞ்சை எலி தின்றிருந்ததால் முன்னால்தான் உட்கார வேண்டியிருந்தது. மெக்கானிக் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தான்.

பழைய பாடம் நடக்கும் வழியிலேயே போனார்கள். அஞ்சலகத் திருப்பம், மரக்கடைச் சந்து, ரயில் பாதையை ஒட்டிய நேர்ச்சாலை. கைகள் எல்லாவற்றையும் மறக்காமல் வைத்திருந்தன. முழங்கால்தான் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முனகியது. விளையாட்டு மைதானத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று சமதரை. இன்னொன்று தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும் ஏற்றம். அந்த ஏற்றத்தில்தான் மாணவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துப் பழகுவார்கள். அக்கா ஸ்டீயரிங்கை ஏற்றத்தின் பக்கம் திருப்பினாள். பின்னால் மெக்கானிக் ஹாரன் அடித்தான். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாதி ஏற்றத்தில் எதிரே ஒரு மினி லாரி வந்தது. ஒதுங்கி நின்றாள். அது போனதும் எடுக்கப் பார்த்தாள். முழங்கால் சுரீர் என்று இழுக்க, கால் கிளட்சிலிருந்து சட்டென்று வழுக்கிவிட்டது. எஞ்சின் குலுங்கி அணைந்தது. பதறி அவள் மறுபடி கிளட்சை மிதிக்க, வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஸ்கூட்டர். பிரேக்கை மிதிக்க நினைத்த கால், பழக்கதோஷத்தில் பெடல் இல்லாத இடத்தில் போய் வெறும் தகட்டை மிதித்தது.

வண்டி நின்றது.

அக்கா கீழே பார்த்தாள். தன் கால் பிரேக்கில் இல்லை. மெல்லத் திரும்பினாள். அண்ணியின் செருப்புக் கால் இரண்டாவது பிரேக்கின் மேல் உறுதியாக இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணு" என்றாள் அண்ணி, சாலையைப் பார்த்தபடி. "கிளட்ச மெதுவா விடு. சத்தம் மாறும். மாறுனதும் ஆக்சிலேட்டர் குடு."

அக்கா வண்டியை ஏற்றத்தில் ஏற்றி மைதானத்துக்குள் கொண்டுபோனாள். நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான், "உங்களுக்கு ஓட்டத் தெரியுமா அண்ணி?" என்றாள்.

"தெரியும். அதாவது, தெரிஞ்சிருந்துது. உங்கண்ணன் கத்துக் குடுத்தார். பால் வர்றதுக்கு முன்னாடி, புள்ள தூங்கும்போது கூட்டிட்டு வருவார். யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் வாங்கிட்டு வந்து எல்லாரையும் ஆச்சரியப்பட வைக்கணும்னு எனக்கு ஆசை. டெஸ்டுக்குத் தேதி கூட வாங்கியாச்சு. அந்த வாரம்தான் அவர் போயிட்டார்."

ஒரே கூரைக்கடியில் இத்தனை வருஷம். அக்கா ஊரில் யார் யாருக்கோ கற்றுக்கொடுத்திருக்கிறாள். கோபம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் முடிச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"அதனாலதான் சொல்லல. சொன்னா நீ விட மாட்ட, வாங்கன்னு நிப்ப. அவர் குரல் கேட்ட இடத்துல உன் குரலக் கேக்க எனக்கு அப்போ மனசு வரல. தப்பா எடுத்துக்காத."

"தலை சுத்துதுன்னு சொன்னதெல்லாம்?"

"சுத்தத்தான் செஞ்சுது. பின்னாடி உக்காந்தா முன்னாடி சீட்டுல அவர் பின்னந்தலை தெரியணும். வேற யாரோட தலையோ தெரியும். சுத்தாம என்ன செய்யும்?" அண்ணி முந்தானையால் முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தாள். "ஆனா ஃபோன் பக்கத்துல உக்காந்திருந்தேன்ல. வாசல்ல வண்டி திரும்பற சத்தத்துலயே யாரு ஓட்டறாங்கன்னு சொல்லிடுவேன். மேனேஜர் ஓட்டினா கியர் அழும்."

மெக்கானிக் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, திட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் தூரத்தில் நின்றான். அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்து அண்ணியின் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நகருங்க. அந்தப் பக்கம் போங்க."

"சும்மா இரு. எழுபது தாண்டியாச்சு எனக்கு."

"மைதானத்துல ஆள் யாரும் இல்ல. போங்க அண்ணி."

அண்ணி மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு இறங்கி, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, போய் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுக்க எந்தக் கம்பியைத் தூக்க வேண்டும் என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது. முதல் தடவை அணைத்தாள். இரண்டாவது தடவை வண்டி தவளை மாதிரி தாவியது. மூன்றாவது தடவை, மைதானத்தின் விளிம்பை ஒட்டி, நடக்கிறவர்கள் முந்திவிடும் வேகத்தில், ஆனால் நேராக, அண்ணி ஓட்டிக்கொண்டு போனாள். அக்கா ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மகன் போன் செய்தான். நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டிருந்தான்.

"அத்தை, எங்க இருக்கீங்க? இரும்புக் கடைக்காரர் வந்து நிக்கறார். ஷெட்டு காலியா இருக்கு. வண்டி எங்க?"

"உங்கம்மா ஓட்டிட்டு இருக்காங்க."

"என்னது? யாரு?"

"உங்கம்மா. இரு, அவங்ககிட்ட பேச முடியாது, திருப்பத்துல இருக்காங்க."

அவன் தன் வண்டியில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது அண்ணி நான்காவது சுற்றில் இருந்தாள். அவன் மைதானத்தின் வாயிலில் நின்று பார்த்தான். கிட்டே போகவில்லை. அப்பா இறந்தபோது அவனுக்குப் பத்து வயசு. அந்த வண்டி அந்த மைதானத்தில் சுற்றுவதை அதற்கு முன்னால் அவன் எத்தனையோ முறை அதே இடத்திலிருந்து பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுப் போனை எடுத்து, இரும்புக் கடைக்காரரைப் போகச் சொன்னான்.

அறை கட்டத்தான் செய்தார்கள். அவன் சொன்னது நல்ல யோசனைதானே. ஒரு பாட்டு டீச்சர் குடிவந்தார். வண்டி மெக்கானிக்கின் பட்டறையில் ஒரு மூலையில் நின்றது. ஹேண்ட் பிரேக் ஒயர் எங்கிருந்தோ கிடைத்தது. அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு கண் பரிசோதனையில் தேறி, கற்றுக்கொள்பவருக்கான அனுமதியை வாங்கினாள். டெஸ்டில் ரிவர்ஸில் ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டாள். மறுபடி போகலாம் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். "போதும். மைதானத்துல ஓட்ட எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்" என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் கிளம்புவார்கள். சாலையில் அக்கா ஓட்டுவாள், மைதானத்துக்குள் அண்ணி. நாலைந்து சுற்று முடிந்ததும் மரத்தடியில் நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பார்கள். புதிய ஸ்கூல்களின் ஏசி வண்டிகள் அங்கே சுற்றும். யார் தேறுவார்கள், யார் தேற மாட்டார்கள் என்று அக்கா அங்கிருந்தே சொல்வாள். அண்ணி அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தது அந்தக் காலைகளில்தான். அதுவரை அந்த வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு படத்தைத் துடைக்கும்போது வரும், துடைத்து முடித்ததும் நின்றுவிடும். இப்போது அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் தூக்கத்திலும் கியர் மாற்றுவார் என்றாள். பெப்பர்மின்ட் கொடுக்கும் பழக்கத்தை முதலில் ஆரம்பித்தது அவர்தான், அதுவும் எனக்காகத்தான் என்றாள். அக்காவுக்கு அது தெரியாது. அண்ணனைப் பார்த்து வந்த பழக்கம் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள்.

"முதல் நாள் என்ன ஆச்சு தெரியுமா?" என்றாள் அண்ணி ஒரு நாள். "இதே மைதானம். திருப்பு திருப்புங்கறார், எனக்குக் கை வரல. நேரா போய் கால்பந்து கம்பத்துல முட்டி நின்னுது வண்டி. இறங்கிப் போய்ப் பார்த்தார். பார்த்துகிட்டே நிக்கறார். நான் உள்ள உக்காந்து நடுங்கறேன், இன்னிக்கு நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கப் போறார்னு. திரும்பி வந்து, ஜன்னல்கிட்ட குனிஞ்சு..."

"குனிஞ்சு?"

"'கோல்' அப்படின்னார்."

அக்கா குடித்த டீ மூக்கில் ஏறியது. இருமினாள், சிரித்தாள், மறுபடி இருமினாள். அந்தச் சத்தத்தில் எதிரே போய்க்கொண்டிருந்த ஏசி வண்டியின் மாணவன் திடுக்கிட்டு எஞ்சினை அணைத்துவிட்டான். அண்ணி அவனைப் பார்த்து, பயப்படாதே, மறுபடி கிளப்பு என்று கையைக் காட்டினாள்.